மரக்கப்பலை மறித்தால் காடு மிஞ்சுமா?

கட்டடத் தொழில்நுட்பம் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருந்தார். "மழைக்காட்டு மரம் ஏற்றி வரும் கப்பலுக்கு முன்னால் சின்னப் படகில் போய் நிற்கிறார்களே, மரம் வெட்டுப்பட்டுக் கப்பலிலும் ஏறிவிட்டது, இனி மறித்து என்ன? ஒரு மரமாவது இதனால் தப்பியதா? யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கும் இதற்கும் ஏதாவது தொடுப்பு இருக்கிறதா?" மூன்றுமே நல்ல கேள்விகள், கொஞ்சம் நீட்டித்தான் பதில் சொல்ல வேண்டும்.

கப்பலில் கிடக்கும் மரத்தைக் காப்பாற்ற யாரும் போவதில்லை. அது போனது போனதுதான். அடுத்த கப்பலை வரவிடாமல் செய்யத்தான் இந்தக் கப்பலை மறிக்கிறார்கள். அது ஏன் கடலில், ஏன் காட்டிலேயே போய் மறிக்கவில்லை என்று கேட்டால், அங்கேதான் விசயமே இருக்கிறது. காட்டில் வெட்டு நடக்கும் இடத்துக்குச் சாதாரண ஆள் போக முடியாது, போகிறவர் உயிரோடு திரும்புவார் என்றும் சொல்ல முடியாது. மரம் கடைக்கு வந்த பிறகோ அது கதவு, மேசை, தரைப்பலகை. எந்த நாட்டு மரம், எவன் வெட்டினான் என்று அதைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சில நாட்கள் மட்டும் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும்: குற்றிகள், அவற்றின் வெட்டுமுகத்தில் பெயின்ரால் போட்ட இலக்கங்கள், அனுப்பியவர் பெயர், வாங்குபவர் பெயர், கப்பலின் சரக்குப் பட்டியல். வாங்குகிற நாட்டுச் சட்டமும் பத்திரிகையும் எட்டக்கூடிய இடமும் அதுதான். படகில் போகிறவர்கள் அந்தச் சில நாட்களைத்தான் குறி வைக்கிறார்கள்.

ஆனால் இந்தப் போராட்டம் கடலில் தொடங்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். போர்னியோத் தீவில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பெனான் என்ற காட்டு மக்கள் இருக்கிறார்கள். 1987 இல் பாரம், லிம்பாங் பகுதிகளில் மரக்கம்பனிகள் போட்ட பாதைகளுக்குக் குறுக்கே மரத்தடிகளைக் கட்டி, பிள்ளைகுட்டிகளோடு போய் நின்று மறித்தவர்கள் அவர்கள்தான். கயான் மக்களும் சேர்ந்தார்கள். அதே வருடம் கடைசியில் மாநில அரசு வனச் சட்டத்தைத் திருத்தி, மரப்பாதையை மறிப்பதைச் சிறைக்குரிய குற்றமாக்கியது. தங்கள் பாட்டன் பூட்டன் நடந்த காட்டில் நின்றதற்குச் சிறை! அந்த மரத்தில் பெரும்பங்கு ஜப்பானுக்குப் போனது. என்ன ஆனது தெரியுமா? பிளைவூட்டாக அடித்து, கொங்கிறீற் தட்டுப் போடும்போது அடியில் பிடிக்கும் பலகையாகப் பாவித்து, இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு எறிந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான வருடம் நின்ற மரத்தின் கதி அது. எனக்கு இந்த விசயத்தில் வருகிற கோபம் எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. மரம் பாவிப்பதில் எனக்குக் குறை இல்லை, இப்படிப் பாவிப்பதில்தான்.

பெனான் மக்களின் மறிப்புச் செய்தி வெளியே போன பிறகுதான் மற்றவர்கள் கடலுக்கு இறங்கினார்கள். 1988 அளவில் இருந்து அவுஸ்திரேலியாவில் மெல்பேர்ண், சிட்னி போன்ற துறைமுகங்களுக்குச் சரவாக் மரத்தோடு கப்பல் வரும்போது, மழைக்காட்டுச் செயற்குழு என்ற பெயரில் சாதாரண ஊர்ச்சனம் கயாக்கிலும் சர்ஃப் பலகையிலும் துடுப்புப் போட்டுக்கொண்டு போய்க் கப்பலின் மூக்குக்கு முன்னால் நின்றார்கள். பெரிய நிறுவனம் இல்லை, பெரிய காசும் இல்லை. மெல்பேர்ண் குழு ஒரு நல்ல வழக்கம் வைத்திருந்தது: என்ன செய்யப் போகிறோம் என்று பொலிசுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது. ஒளித்துச் செய்தால் பொலிஸ் பயந்து முரட்டுத்தனமாக நடக்கும், சொல்லிச் செய்தால் ஆளுக்கு ஆபத்துக் குறையும் என்பது அவர்களின் கணக்கு. அதோடு கடலில் நின்றதோடு வேலை முடிந்தது என்று இருக்கவும் இல்லை. தொழிற்சங்கங்களிடம் போய் இந்த மரத்தைத் தொடாதீர்கள் என்று கேட்டார்கள், உள்ளூராட்சிச் சபைகளிடம் போய் உங்கள் வேலைகளுக்கு இதை வாங்காதீர்கள் என்று கேட்டார்கள். என் அபிப்பிராயத்தில் படகைவிட இந்த நடைக்குத்தான் கூடப் பலன். ஆனால் படகு இல்லாவிட்டால் அந்தக் கதவுகள் திறந்திருக்காது என்பதும் உண்மை.

1991 ஜூலையில் வெளிநாட்டு ஆட்கள் எட்டுப் பேர் சரவாக்குக்கே போய், மிரி பக்கம் குவாலா பாரம் என்ற ஆற்று முகத்துவாரத்தில், மரம் ஏற்றும் பாரந்தூக்கிகளில் ஏறித் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். பிடித்துச் சிறையில் போட்டார்கள். அதே வருட டிசம்பரில் இங்கிலாந்தின் தில்பரித் துறைமுகத்தில் சரவாக் மரத்தோடு வந்த கப்பலில் அங்குள்ள போராட்டக்காரர்கள் ஏறினார்கள். ஏற்றுகிற துறையிலும் மறிப்பு, இறக்குகிற துறையிலும் மறிப்பு.

இப்போது செய்முறை. எங்கள் கடற்கரைச் சனத்துக்கு இது உடனே விளங்கும். பாரம் ஏற்றிய பெரிய கப்பல் ஓட்டத்தில் இருக்கும்போது முன்னால் போய் நிற்பது தற்கொலை. எஞ்சினைப் பின்னுக்குப் போட்டாலும் அது நிற்க மைல் கணக்கில் ஓடும், மேலே நிற்கும் கப்டனுக்கு மூக்கடியில் கிடக்கும் சின்னப் படகு தெரியவே தெரியாது. அதனால் துறைமுகத்துக்கு வெளியே, உள்ளே வழிகாட்டிக் கூட்டிப்போகும் பைலட்டை ஏற்றுவதற்காகக் கப்பல் வேகம் குறைக்கும் இடம்தான் வாய்ப்பு. சிலர் ஏணி போட்டு ஏறிப் பதாகை கட்டுவார்கள், சிலர் படகில் பக்கத்தில் ஓடுவார்கள், வேறு சிலர் துறைமுகத்தில் கட்டின கப்பலின் கயிற்றிலோ பாரந்தூக்கியிலோ தங்களைப் பூட்டிக்கொள்வார்கள். இதற்கு வானொலித் தொடர்பு, நீச்சல், கடல் விதிகள் எல்லாம் தெரிந்த ஆட்கள் வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு ஓடுகிற வேலை அல்ல.

சட்டமும் சும்மா விடாது. 2002 ஏப்ரலில் அமெரிக்காவின் மயாமிக்கு வெளியே நடந்த விசயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. பிரேசிலில் அமேசன் மகோகனிதான் எல்லா மரத்திலும் விலை கூடியது. ஒரு மகோகனியை எடுப்பதற்காகப் பாதை வெட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள், அந்தப் பாதையால் பிறகு மற்றவர்கள் வந்து மிச்சத்தை அழிப்பார்கள். பழங்குடி மக்களின் நிலத்துக்குள்ளேயே இது நடந்தது. 2001 இல் பிரேசில் அரசே மகோகனி வெட்டுக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. அப்படியும் மரம் போய்க்கொண்டிருந்தது. ஏ.பி.எல். ஜேட் என்ற கொள்கலன் கப்பல் மகோகனியோடு மயாமிக்கு வருகிறது என்று தெரிந்து கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பின் ஆட்கள் படகில் போய், இரண்டு பேர் கப்பலில் ஏறினார்கள். பிடிபட்டார்கள், சின்னத் தண்டனையோடு வெளியே வந்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பதினைந்து மாதம் கழித்து 2003 ஜூலையில் அமெரிக்க அரசு ஆட்களை விட்டுவிட்டு அமைப்பின் மேலேயே குற்றப்பத்திரம் தாக்கல் செய்தது. அதற்கு எடுத்த சட்டம் 1872 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. துறைக்கு வரும் கப்பல்களில் சத்திரக்காரர்கள் ஏறி மாலுமிகளை ஆசைகாட்டித் தங்கள் இடத்துக்கு இழுத்துப் போவதைத் தடுக்க வந்த சட்டம், நூறு வருடத்துக்கு மேல் யாரும் தொடாதது. 2004 மே மாதம் அரச தரப்பு வாதம் முடிந்ததும் நீதிபதியே வழக்கைத் தள்ளிவிட்டார்.

அந்த வழக்கு முடிவதற்கு முன்பே அமேசன் மகோகனிக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. 2002 நவம்பரில் சிலியின் சந்தியாகோவில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில், அதாவது அழியும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் கூட்டத்தில், பெரிய இலை மகோகனியை இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரு வருடம் கழித்து அது நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு ஏற்றுமதி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அந்த மரம் எல்லை தாண்ட முடியாது. படகில் போன சில பேரால்தான் இது வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நிக்கராகுவா, குவாத்தமாலா போன்ற நாடுகள் பிரேரித்தன, பல வருட அடித்தள வேலை இருந்தது. ஆனால் மரவணிகத்தைக் குற்றம் என்ற கோணத்தில் பார்க்க வைத்ததில் மயாமிக் கப்பலுக்கும் பங்கு உண்டு.

மேற்கு ஆபிரிக்க நாடான லைபீரியாவின் கதை இதைவிடக் கொடியது. அங்கே சார்ள்ஸ் டெய்லர் ஆட்சியில் மழைக்காட்டு மரம் விற்ற காசு ஆயுதமாக மாறியது. மரக்கம்பனிகளின் துறைமுகம், கப்பல், காவல்படை எல்லாமே போருக்கு வேலை செய்தன. 2001 இல் ஐ.நா. பாதுகாப்புச் சபை வைரத்துக்குத் தடை போட்டபோது மரத்தைத் தொடவில்லை. பெரிய வாங்குநர்களான பிரான்சும் சீனாவும் விரும்பவில்லை. ஐரோப்பியத் துறைமுகங்களில் லைபீரிய மரக்கப்பல்களை மறித்த காலம் அது. கடைசியில் 2003 மே மாதத் தீர்மானம் மரத்தையும் சேர்த்தது, ஜூலையில் தடை அமுலானது, 2006 வரை இருந்தது. அங்கே மரவியாபாரம் செய்த ஒல்லாந்துக்காரர் ஒருவருக்கு 2017 இல் அவருடைய நாட்டு நீதிமன்றம் ஆயுதக் கடத்தலுக்கும் போர்க்குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கும் தண்டனை கொடுத்தது. போரைப் பார்த்த எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கோ ஒரு நாட்டு வீட்டின் அழகான தரைப்பலகைக்கும் இன்னொரு நாட்டுப் பிள்ளையின் கையில் இருந்த துவக்குக்கும் இடையில் ஒரு கப்பல் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இந்தப் போராட்டத்தின் மேல் வைக்கும் குற்றச்சாட்டுகளில் ஒன்றைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். மழைக்காட்டு மரத்தை அடியோடு வாங்காதே என்று சொன்னால், மரத்துக்கு மதிப்புப் போய்விடும், மதிப்பில்லாத காட்டை முழுதாக அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிடுவார்கள் என்பது அது. போர்னியோவில் பல இடங்களில் அப்படித்தான் ஆனது. அதனால்தான் 1990களில் பேச்சு மாறியது. வாங்காதே என்பது போய், எங்கிருந்து எப்படி வெட்டியது என்று காட்டு, காட்டினால் வாங்குகிறோம் என்று வந்தது. 1993 இல் ரொரன்ரோவில் கூடித்தான் வனப் பொறுப்புச் சபையைத் தொடங்கினார்கள். இன்று பலகைகளிலும் கடதாசிகளிலும் பார்க்கும் மரக்குறியோடு கூடிய எஃப்.எஸ்.சி. முத்திரை அதனுடையது. அந்த முத்திரையிலும் ஓட்டைகள் இருக்கின்றன, அதை நம்பிக் கண்ணை மூட முடியாது. ஆனால் கேட்கிற பழக்கம் வந்தது. பிறகு சட்டமும் வந்தது: 2008 இல் அமெரிக்கா, களவாகப் பிடித்த காட்டு உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் தன் பழைய லேசிச் சட்டத்தைத் திருத்திக் கள்ளமரத்தையும் சேர்த்தது, 2012 இல் அவுஸ்திரேலியா, 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம். கிட்டார் செய்கிற கிப்சன் நிறுவனம் மடகஸ்கார் கருங்காலி வாங்கிய விசயத்தில் மாட்டுப்பட்டு 2012 இல் 3 இலட்சம் டொலர் தண்டம் கட்டியது இந்த லேசிச் சட்டத்தால்தான். 1988 இல் கயாக்கில் போனவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் கையில் இல்லை. அவர்களிடம் இருந்தது தங்கள் உடம்பு மட்டும்தான்.

மடகஸ்கார் என்றதும் எங்கள் நாட்டுக்கு வருவோம். 2009 இல் அங்கே ஆட்சி கவிழ்ந்த குழப்பத்தில் மசோலா, மரோஜெஜி தேசிய வனங்களுக்குள் புகுந்து ரோஸ்வூட் மரத்தை வெட்டித் தள்ளினார்கள். 2013 இல் இருந்து அந்த மரம் சைட்டிஸ் பட்டியலில். 2014 இல் கொழும்புத் துறைமுகத்தில் எங்கள் சுங்கம் 28 கொள்கலன்களைப் பிடித்தது, உள்ளே 3,669 குற்றிகள், 420 தொன் அளவில். சன்சிபார் வழியாக வந்து கிழக்காசியாவுக்குப் போகவிருந்த சரக்கு. அதே வருடம் சிங்கப்பூரில் பிடிபட்டது 29,434 குற்றிகள்! ஒரே தடவையில் பிடிபட்ட ரோஸ்வூட்டில் அவ்வளவு பெரிய தொகை கேள்விப்பட்டதில்லை. ஆனால் சிங்கப்பூர் வழக்கு 2019 இல் மேன்முறையீட்டில் தோற்றது. மரம் சிங்கப்பூருக்கு இறக்குமதியாகவில்லை, வேறிடத்துக்குப் போகும் வழியில் தங்கியது மட்டும்தான் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. மரக்கடத்தல்காரருக்கு இடைத்துறைமுகம் ஏன் பிடிக்கும் என்பது இதில் விளங்கும். கொழும்பு பெரிய இடைத்துறைமுகம், உலகக் கள்ளமரத்தின் பாதை எங்கள் வாசலால் போகிறது. கொழும்புச் சுங்க அதிகாரிகள் அந்தக் கொள்கலன்களைத் திறந்து பார்த்தது ஒரு சின்ன விசயமே அல்ல. அவர்களைப் பாராட்ட வேண்டும்.

அப்போ காங்கேசன்துறையில் நாங்களும் படகு இறக்கலாமா என்று தம்பி கேட்கக்கூடும். எங்கள் சனத்துக்குக் கடலில் இறங்கி நிற்கத் தெரியாது என்றில்லை. 2021 ஒக்டோபரில் இழுவைமடித் தொழிலுக்கு எதிராக முல்லைத்தீவில் இருந்து பருத்தித்துறை வரை படகுகளிலேயே வந்து காட்டினார்கள். கடலடியை வழித்துக்கொண்டு போவதும் காட்டை வழித்துக்கொண்டு போவதும் ஒரே வேலை என்று எந்த மீனவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் மரம் எங்களுக்குக் கப்பலில் நேரே வருவதில்லை. வல்வெட்டித்துறைக் கப்பல்காரர் பர்மாவுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்த காலம் போய்விட்டது. இப்போது மலேசியப் பக்கத்துக் கெம்பஸ் முதலிய மரங்கள் கொழும்பில் இறங்கி லொறியில் ஏ9 வீதியால் வருகின்றன. அதே வீதியில் வன்னிக் காட்டு முதிரையும் வருகிறது. 2009க்குப் பிறகு வடக்குக் கிழக்கில் ஆயிரக்கணக்கில் வீடு எழும்பியபோது நிலை, கதவு, கூரை எல்லாவற்றுக்கும் மரம் தேவைப்பட்டது, அந்தத் தேவையின் மறைவில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் களவாக எவ்வளவு முதிரையும் பாலையும் விழுந்தன என்பதை இன்றைக்கும் குற்றிகளோடு பிடிபடும் வாகனச் செய்திகள் சொல்லும். இலங்கையில் இயற்கைக் காட்டில் வணிகத்துக்கு மரம் வெட்டுவதை 1990 இலேயே நிறுத்திவிட்டார்கள். வீட்டு வளவில் நிற்கும் பெண் பனையையும் பலாவையும் தறிக்கவே 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்க வேண்டும். சட்டம் இல்லாத குறை இல்லை.

ஆகவே எங்கள் ஊரில் மறிக்கிற இடம், மரம் அறுத்து விற்கும் மரக்காலையின் வாசல். கப்பலில் சரக்குப் பட்டியல் இருப்பதுபோல மரக்காலைக்கு வரும் ஒவ்வொரு லொறிக்கும் கடதாசி இருக்க வேண்டும். முதிரை என்றால் வனவளத் திணைக்களத்தின் போக்குவரத்து அனுமதிப்பத்திரம், குற்றியில் அடித்த முத்திரை. அறுத்துப் பலகையாக்கிய பிறகு முத்திரை தெரியாது, அதனால் குற்றியாக இருக்கும்போதே கேட்க வேண்டும். இறக்குமதி என்றால் மர இனம், வெட்டிய நாடு, இறக்குமதிச் சிட்டை. "பர்மாத் தேக்கு" என்று ஆசை காட்டினால் இன்னும் கவனம்: 2014 இல் மியன்மார் முழுக்குற்றி ஏற்றுமதியைத் தடை செய்தது, 2021 இராணுவச் சதிக்குப் பிறகு அந்நாட்டு அரச மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. மகோகனிக்கு மட்டும் பயப்பட வேண்டாம். இங்கே கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து எங்கள் நாட்டிலேயே நட்டு வளர்த்தது. சைட்டிஸ் கட்டுப்பாடு அதன் தாயகமான அமெரிக்கக் கண்டத்து மரங்களுக்குத்தான். வேம்பும் மறக்க வேண்டாம். வல்வெட்டித்துறையில் கட்டி 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை ஓடிச் சேர்ந்த அன்னபூரணி எங்கள் வேப்பமரக் கப்பல்தான், கதவு நிலைக்கு அது காணாதா?

தம்பி கட்டடம் படிக்கிறபடியால் ஒன்று குறிப்பாகச் சொல்கிறேன். நாளைக்கு நீங்கள் பி.ஓ.கியூ., அதாவது கட்டட வேலைக்கான அளவு விலைப் பட்டியல், எழுதும்போது "முதல்தர மரம்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். மர இனத்தை எழுதுங்கள், அனுமதிப்பத்திர இலக்கத்தையும் இறக்குமதிச் சிட்டையின் பிரதியையும் பட்டியலோடு சேர்த்துத் தந்தால்தான் காசு விடுபடும் என்று ஒரு வரி போடுங்கள். கொங்கிறீற் தட்டுக்கு இரும்புத் தகடு கிடைத்தால் பிளைவூட் வேண்டாம் என்று எழுதுங்கள். ஒப்பந்தக்காரர் சண்டைக்கு வருவார், விலை கொஞ்சம் ஏறும், கந்தோரில் மூத்தவர்கள் தேவையில்லாத வேலை என்பார்கள். எழுதுங்கள். முதல் வேலையிலேயே எழுதுங்கள், பிறகு பழகிவிடும்.